2013 சுற்றறிக்கையும் டால்பின்களின் ‘நபர்’ தகுதியும்: ஒரு மறுவாசிப்பு

டால்பின்களை ‘மனிதரல்லாத நபர்கள்’ என்று இந்திய அரசு அறிவித்துவிட்டதாக ஒரு கூற்று பத்தாண்டுகளுக்கும் மேலாக உலவிவருகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 2013 மே 17 அன்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநில அரசுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. இந்த வாசிப்பைப் பரப்பியவற்றுள் முக்கியமானது, அதே மாத இறுதியில் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே வெளியிட்ட செய்திக் கட்டுரை. இந்தியா டால்பின்களுக்கு நபர் தகுதியை அதிகாரபூர்வமாக அங்கீகரித்துவிட்டது, அவற்றின் உயிரும் சுதந்திரமும் இனி மதிக்கப்பட்டாக வேண்டும் என்ற தொனியில் அது தொடங்கியது. பின்னால் எழுதியவர்கள் பலர் மூல ஆவணத்தைத் திறந்து பார்க்காமலே அந்தத் தொடக்கத்தை வழிமொழிந்தார்கள்.

மூலத்தில் இருப்பது வேறு.

சுற்றறிக்கை, வழக்கமான அரசாணை நடையில், காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு முடிவுக்கு வருகிறது. திமிங்கில இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்றவை என்பது ஒரு காரணம். கங்கை டால்பின் தேசிய நீர்வாழ் விலங்கு என்பது இன்னொன்று. அடைத்து வைத்தால் இவ்வினங்கள் நன்றாகப் பிழைப்பதில்லை, அவற்றின் நடத்தை மாறிக் கடும் துன்பத்துக்கு உள்ளாகின்றன என்பது மற்றொன்று. சர்ச்சைக்குரிய வாக்கியமும் இந்த வரிசையில்தான் வருகிறது. அதில் இரண்டு குரல்கள் உள்ளன. இவ்வினங்கள் மிகுந்த அறிவும் நுண்ணுணர்வும் கொண்டவை என்பது சுற்றறிக்கை தன் குரலில் சொல்வது. ஆகவே டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும், அவற்றுக்கெனத் தனி உரிமைகள் வேண்டும் என்பது அறிவியலாளர் பலர் முன்வைத்த கருத்தாக எடுத்துச் சொல்லப்படுவது. முடிவுப் பகுதியில் டால்பினை ‘நபர்’ என்று சொல்லும் இடமே கிடையாது. நாட்டில் டால்பின் காட்சியகம் அமைக்க அனுமதியில்லை. பொழுதுபோக்குக்காகவோ காட்சிக்காகவோ இறக்குமதி செய்யவும் பிடிக்கவும் யார் கேட்டாலும் மாநிலங்கள் மறுக்க வேண்டும். அது சொல்வது இவ்வளவே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அறிவியலாளரின் கருத்தை ஓர் அரசு தன் முடிவுக்குக் காரணமாக எடுத்துக்கொள்வதே பாதி ஏற்பு ஆகாதா? ஆகும். அந்த வாக்கியத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல இக்கட்டுரைக்கு விருப்பமில்லை. ஆனால் காரணமாகக் காட்டுவது வேறு, தகுதி வழங்குவது வேறு. உயிரியல் பூங்காக்களை நெறிப்படுத்தும் ஓர் ஆணையம் சுற்றறிக்கை வழியே சட்டத்தில் புதிய நபரை உருவாக்கிவிட முடியாது. அப்படி ஏதும் நடந்திருந்தால் அடுத்து வந்த வழக்குகளில் அதன் சுவடு தெரிந்திருக்க வேண்டும். 2014 மே மாதம் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் உரிமைகளை விரிவாகப் பேசியது. 2023 மே 18 அன்று அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு எனக் கொள்ள முன்னுதாரணம் இல்லை என்றும் கூறியது. டால்பின்களுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நபர் தகுதி கிடைத்துவிட்டது என்போர் இந்தத் தீர்ப்புக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அறிவுக்கான சான்றுகள் வலுவானவை என்பதில் ஐயமில்லை. 2001இல் டயானா ரைஸ், லோரி மரீனோ ஆகிய இருவரும் நியூயார்க் நீர்வாழ் காட்சியகத்தில் செய்த கண்ணாடிச் சோதனையில், உடலில் குறியிடப்பட்ட டால்பின்கள் அந்த இடத்தைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தன. 2010 மே மாதம் ஹெல்சிங்கியில் கூடிய அறிஞர்கள் திமிங்கில இனங்களுக்கான உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். சுற்றறிக்கையின் வாக்கியத்தில் இந்தப் பிரகடனத்தின் சாயல் தெரிகிறது.

அடைத்து வைத்தால் பிழைப்பதில்லை என்ற வாக்கியத்துக்கோ உள்நாட்டிலேயே ஒரு பின்னணி உண்டு. அது சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. 1990களின் இறுதியில் அந்தச் சாலையோரம் திறக்கப்பட்ட ‘டால்பின் சிட்டி’ பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. ஆண்டு 1998 என்றே பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. எத்தனை டால்பின்கள் என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. ஆறு மாதங்களுக்குள் எல்லாமே இறந்துபோயின என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை. சாலைக்குக் கிழக்கே வங்கக் கடலில் டால்பின்கள் இயல்பாக நீந்தித் திரிகின்றன. சாலையோரம் ஒரு தொட்டியில் அந்நியக் கடலின் டால்பின்கள் மாண்டன.

இந்த நிகழ்ச்சிக்கும் 2013க்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியுமா? ஆவணச் சான்று மெலிந்தது. சுற்றறிக்கையின் வாசகம் பொதுவானது. ஆயினும் சூழல் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. கொச்சி, நொய்டா, மகாராஷ்டிரக் கடற்கரை என்று புதிய காட்சியகத் திட்டங்கள் வரிசைகட்டி நின்றபோது, அவற்றை எதிர்த்த விலங்கு நல அமைப்புகள் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியது சென்னை அனுபவத்தைத்தான். மத்திய உத்தரவுக்கு முன்பே மாநிலங்களை எச்சரித்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் தலைமையகம் அப்போது திருவான்மியூரில், இதே சாலை தொடங்கும் பகுதியில் இருந்தது. கண்ணாடிச் சோதனையைப் படித்திராத அதிகாரிக்கும் ஆறு மாத மரணங்கள் புரியும். ஆகவே தடையை முன்தள்ளியதில் அறிவு பற்றிய தத்துவத்தைவிட இந்த மரணங்களுக்குப் பங்கு அதிகம் என்று கொள்வதே பொருந்தும். இது ஊகம்தான், ஆனால் எதிர்வாசிப்பைவிடச் சான்றுகளுக்கு நெருக்கமான ஊகம்.

டால்பினுக்குச் சட்டத்தின் முன் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் இருபத்தோராம் நூற்றாண்டில் முளைத்ததும் அல்ல. கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜான் ஆண்டர்சன், பர்மாவின் ஐராவதி ஆற்று மீனவர் பற்றி 1870களில் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். அங்கே ஒவ்வொரு மீனவக் கிராமத்துக்கும் தனக்கென ஒரு காவல் டால்பின் உண்டு. தம் டால்பின் விரட்டிக் கொடுத்த மீன் பக்கத்து ஊர்க்காரர் வலையில் விழுந்தால், பங்கு கேட்டு நீதிமன்றப் படியேறுவார்களாம். அந்தக் கூட்டுத்தொழில் இன்றும் அற்றுப்போகவில்லை. மீனவர் கூர்மரக் கட்டையால் படகின் விளிம்பைத் தட்டி, தொண்டையால் ஒலியெழுப்பி அழைக்கிறார். டால்பின்கள் மீன்கூட்டத்தைப் படகுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, வாலைப் பாதி நீருக்கு மேல் காட்டுகின்றன. அந்தக் கணத்தில் வீச்சுவலை விழுகிறது. வலைக்குத் தப்பித் தடுமாறும் மீன் டால்பினுக்கு. 2005இல் மியான்மர் அரசு மிங்குனுக்கும் சியாக்மியாங்குக்கும் இடைப்பட்ட 74 கிலோமீட்டர் ஆற்றுப் பகுதியைப் பாதுகாப்பு எல்லையாக அறிவித்தது. பிரேசிலின் லகூனாவிலும் இதே போன்ற கூட்டு மீன்பிடிப்பு தலைமுறைகளாகத் தொடர்கிறது. இரண்டு இடங்களிலும் டால்பின் தானே வருகிறது, தானே போகிறது. ஆண்டர்சன் குறித்த வழக்குகளில் பேசப்பட்டதும் டால்பின் யார் என்பதல்ல. அதன் உழைப்புக்கு யார் உரியவர் என்பதே.

காப்புக்கு அடிப்படை அறிவா, பிழைத்தலா என்ற வேறுபாடு மாமல்லபுரம் கரைக்கு ஏட்டளவிலானதல்ல. அறிவே காப்புக்கு அடிப்படை என்றால், சோதனைக்கூடப் புகழ் பெற்ற புட்டிமூக்கு டால்பினுக்கு முதலிடம் கிடைக்கும். கரையோரம் ஒதுங்கி வாழும் முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றி கடைசிக்குப் போகும். சுற்றறிக்கையோ திமிங்கில இனங்கள் அனைத்தையும் ஒருசேரப் பேசுகிறது. பிழைத்தல் என்ற அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒன்று. அதே அளவுகோலைத் தொட்டியோடு நிறுத்தாமல் கடலுக்கும் கொண்டுபோக முடியும். இந்தியப் பெருங்கடலின் சூரை மீன் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 லட்சம் சிறு திமிங்கில இனங்கள் சிக்கியிருக்கும் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிக்குவதை மீனவர் பொதுவாக விரும்புவதில்லை. வலையும் கிழியும், நாளும் வீணாகும். 2013 ஆவணம் பிடித்தல், இறக்குமதி, காட்சி ஆகியவற்றைத் தடுத்தது. வலையில் மூச்சடங்கும் டால்பினைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ‘நபர்’ என்று அறிவித்தாயிற்று என்ற வாசிப்பை ஏற்றுக்கொண்டால் அந்த இடைவெளி கண்ணில் படாது. பிழைத்தல் பற்றிய வாக்கியத்திலிருந்து தொடங்கினால், அடுத்து எழுதப்பட வேண்டிய ஆணை செவுள் வலை பற்றியதாக இருக்கும். அதை மீனவரையும் உட்கார வைத்துத்தான் எழுத வேண்டும்.