‘காஸ்ட்ரிக்’ என்று மருந்துக்கடையோடு நின்றுவிடலாமா?

வயிறு எரிந்தாலும், ஏப்பம் வந்தாலும், நெஞ்சு அடைத்தாலும் நம்மவர் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ‘காஸ்ட்ரிக்’. லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவரும் சரி, நிபோங் திபால் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருபவரும் சரி, ஒரு பாட்டில் வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டு நாளில் சரியானால் பரவாயில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலி தெளிவாகத் தெரியாமலும் போகும். உடனே 999-ஐ அழையுங்கள்.

மலம் தார்போல் கறுத்துப் போவது, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், இரத்தசோகை, மஞ்சள் காமாலை ஆகியவை சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறிகள். இரத்தம் என்றதும் மூலம்தான் என்று நாமே முடிவுகட்டுவது ஆபத்து. இரத்த வாந்தியோ கறுத்த மலமோ என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மற்றவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலிருந்து தொடங்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்று ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கோ, பெருநிலத்தில் இருப்பவர்கள் செபெராங் ஜெயா மருத்துவமனைக்கோ போகலாம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் மருத்துவமனைகளில் காத்திருப்பு குறைவு, செலவு பல மடங்கு. தசைச் சோதனை உட்பட மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். மேடானிலிருந்து விமானம் ஏறி பினாங்குக்குச் சிகிச்சைக்கு வருகிறார்கள். பக்கத்திலிருக்கும் நாம்தான் தள்ளிப்போடுகிறோம்.

இரைப்பைக்கான ஸ்கோப் பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுமார் 6 மணி நேரம் சாப்பிடக்கூடாது. தொண்டையில் மரக்கச் செய்யும் மருந்து தெளித்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். புண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியையும் சோதிப்பார்கள். இரைப்பைப் புண்ணுக்கு இக்கிருமி காரணம் என்று கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடையே இக்கிருமி அதிகம். ஆகவே பழியைக் குழம்பின் காரத்தின்மேல் மட்டும் போடாதீர்கள். கிருமி இருந்தால் இரண்டு ஆன்டிபயாட்டிக், ஓர் அமிலக் குறைப்பு மருந்து என வழக்கமாக 14 நாள் சிகிச்சை. வலி குறைந்ததும் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். மூட்டுவலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவதும் புண்ணை உண்டாக்கும். எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெருங்குடல் ஸ்கோப்புக்குக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் கஷ்டம் முந்தின நாள்தான்: பேதி மருந்தைக் குடித்துக் குடலை முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும். அரைகுறையாகக் குடித்தால் சோதனையைத் திரும்பச் செய்ய நேரிடும். இனிப்புநீர் மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் எதை நிறுத்துவது என்று முன்பே கேட்கவேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. சிறு கட்டி தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும் அந்தக் கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடலாம் என்பதுதான் இச்சோதனையின் பெரிய பலன். அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், 50 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்துக்கான சோதனையைக் கேட்கலாம்.

பித்தப்பைக் கல்லை ஸ்கேன் காட்டிவிடும். தொல்லை கொடுத்தால் சிறு துளைகள் வழியே பித்தப்பையை அகற்றுவார்கள். கல் பித்தக் குழாயில் சிக்கினால் வாய்வழி ஸ்கோப் மூலம் எடுப்பதுண்டு.

மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டக்கூடாது. வீட்டாரில் ஒருவர் கூட வரட்டும். தசை எடுத்திருந்தால் முடிவு வரும் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தேதியில் கட்டாயம் போங்கள்.