கழித்த ஆடையும் தன்னடையாளமும்: ஒரு வரலாற்று நோக்கு

1599ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே நாடகம் பார்க்கச் சென்ற தோமஸ் பிளாற்றர் என்னும் சுவிற்சர்லாந்துப் பயணி, மேடையேறிய நடிகர்கள் விலையுயர்ந்த ஆடைகளை அணிந்திருந்ததைக் கண்டு, அவை அவர்களுக்குக் கிடைத்த வழியையும் தமது பயணக் குறிப்பில் எழுதிவைத்தார். பிரபுக்கள் இறக்கும்போது தம் சிறந்த உடைகளைப் பணியாட்களுக்கு விட்டுச்செல்வது அந்நாட்டு வழக்கம். அவற்றைப் பணியாளன் உடுப்பது தகாது. ஆதலால் அவன் அவற்றைச் சிறு தொகைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுவான் என்பது அவர் தரும் விளக்கமாகும். போகிற போக்கில் எழுதப்பட்ட இக்குறிப்பினுள்ளே பெரியதொரு வினா அடங்கியிருக்கின்றது. ஒருவர் உடுத்துக் கழித்த ஆடை இன்னொருவரின் உடலுக்கு வந்துசேரும்போது அது யாரைக் காட்டுகின்றது? கொடுத்தவரையா, உடுத்தவரையா?

பணியாளன் அதனை உடுப்பது தகாது என்பது வெறும் நாகரிகம் பற்றிய கருத்து அன்று. அதன் பின்னால் அரசின் கை இருந்தது. 1363ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பாராளுமன்றம் எந்த நிலையினர் எத்தகைய துணியை உடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இயற்றிற்று. முதலாம் எலிசபெத் அரசியார் 1574இல் வெளியிட்ட பிரகடனம் பட்டு, வெல்வெற், விலங்கு மென்மயிர் ஆகியவற்றை அணியும் உரிமையைப் பதவி வரிசைப்படி வகுத்துக் கூறியது. 1604இல் இச்சட்டங்கள் நீக்கப்பட்டபோதும் அவற்றைத் தோற்றுவித்த மனப்பான்மை நீங்கிவிடவில்லை. நூற்பும் நெசவும் தையலும் முற்றாகக் கையாலேயே நடைபெற்ற அக்காலத்தில் ஆடை என்பது ஒரு சொத்து. அதனை அடைவு வைக்கலாம், கூலியாகக் கொடுக்கலாம், மரணசாசனத்தில் எழுதலாம். பிலிப் ஹென்ஸ்லோ என்னும் நாடகக் கொட்டகை உரிமையாளர் அடைவுத் தொழிலும் நடத்தினார் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1598இல் இலண்டனை வருணித்து நூலெழுதிய ஜோன் ஸ்ரோ, ஹவுண்ட்ஸ்டிச் பகுதியில் பழைய உடுப்பு விற்கும் தரகர்கள் நிறைந்திருந்தமையைக் குறிப்பிடுகின்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வணிகம் மேலும் பெருகிற்று. இலண்டன் கோபுரத்துக்கு அண்மையிலுள்ள ரோஸ்மேரி லேன் வீதியிலே கூடிய 'கந்தைச் சந்தை' ஏழைகளின் ஆடையகமாக விளங்கியது. அங்கே வாங்கப்பட்டது உடலை மூடுவதற்கான துணி மட்டுமே என்று கொள்வது தவறு. ஒரு சட்டையில் இருந்த ரேந்தையைக் கழற்றி இன்னொன்றிலே தைப்பதும், எசமானியின் பட்டுப் பாவாடையைத் தன் இடைக்கேற்பச் சுருக்குவதும், நாடாவொன்றினால் பழைய தொப்பியைப் புதுக்குவதும் அன்றாடம் நிகழ்ந்தன. இந்த அன்றாடக் கைவேலையே மேல்நிலையினரின் கண்ணை உறுத்தியது. 1725இல் டானியல் டீபோ எழுதிய துண்டுப்பிரசுரமொன்றில், ஒரு வீட்டிலுள்ள சீமாட்டிகளை முத்தமிட்டு வணங்கவேண்டிய சந்தர்ப்பத்தில் வேலைக்காரியையும் சேர்த்து முத்தமிட்டுவிட்டதாக அவர் நொந்துகொள்கின்றார். அவளும் மற்றவர்களைப் போலவே நன்றாக உடுத்திருந்தாளாம். இதற்கு அவர் கண்ட பரிகாரம், வேலைக்காரப் பெண்கள் அனைவருக்கும் சீருடை விதிப்பது. ரொபின்சன் குரூசோவைத் தனித்தீவில் விட்டு ஆட்டுத்தோலில் தானே ஆடை செய்து அணியவைத்த ஆசிரியர், இலண்டன் வேலைக்காரி தன் ஆடையைத் தானே அமைத்துக்கொள்வதைப் பொறுக்கமாட்டாதவராய் இருந்தமை சிறிது நகைப்புக்குரியதே.

டீபோ கண்டு கலங்கிய அதே நிலைமையைப் பிறிதொரு கோணத்திலிருந்து நோக்கியவர் சாமுவேல் றிச்சாட்சன். 1740இல் வெளிவந்த அவரது 'பமீலா' நாவலில், இறந்துபோன எசமானியின் உயர்ந்த ஆடைகளை அவளுடைய மகன் வேலைக்காரப் பெண்ணான பமீலாவுக்கு வழங்குகின்றான். அவன் நோக்கம் நல்லதன்று என்பதை உணர்ந்ததும் அவள் தன் பெற்றோரின் ஏழை வீட்டுக்குத் திரும்பத் துணிகிறாள். அதற்கென நாட்டுத் துணியிலே எளிய உடை தைத்து, வைக்கோற் தொப்பி அணிந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்து மகிழ்கிறாள். எசமான் அவளை அடையாளம் காணாதவனாக நடந்துகொள்கின்றான். தன் உடைமைகளை அவள் மூன்று மூட்டைகளாகப் பிரிக்கும் காட்சி அந்நாவலின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று எனலாம். எசமானி தந்தவை ஒரு மூட்டை, எசமான் தந்தவை ஒரு மூட்டை, தன்னுடையவை என்று அவள் மனம் ஒப்பியவை ஒரு மூட்டை. வந்தவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது என்ற தெரிவிலேதான் அவளுடைய தன்மை வெளிப்படுகின்றது.

பமீலாவுக்கு வீடு திரும்பும் வழியாவது இருந்தது. அதே 1740ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் பிரித்தானியக் குடியேற்றமாகிய தென் கரோலினாவில், அடிமைகள் உடுக்கத்தக்க முரட்டுத் துணிவகைகளைப் பெயர் சொல்லி வரையறுத்து, அவற்றினும் உயர்ந்ததை அணிவதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. அடிமைகள் தம் நிலைக்கு மேற்பட உடுக்கின்றனர் என்பதே முறைப்பாடு. சொந்த உடலே சொந்தமல்லாத ஒருவர் பழஞ் சட்டையொன்றைப் பெற்று அதனைத் தம் விருப்பப்படி உடுத்தியமை ஒரு சட்டசபையைக் கூடவைத்தது என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு அக்காலப் பத்திரிகைகளில் எசமானர்கள் வெளியிட்ட விளம்பரங்கள் இன்று வரலாற்று மாணவருக்குப் பெருஞ் செல்வமாக உள்ளன. ஓடிப்போனவரின் மேற்சட்டை நிறம், தெறியின் வகை, கழுத்துத் துணி ஆகியன அவற்றில் நுணுக்கமாக விபரிக்கப்பட்டுள்ளன. வேறு உடைகளையும் அவர் கொண்டு சென்றிருப்பதால் ஆடையை மாற்றிக்கொள்ளக்கூடும் என்ற எச்சரிக்கையும் பலவற்றில் உண்டு. அத்தகைய மனிதருக்கு உடை மாற்றம் விடுதலையின் ஒரு கருவி. தம் எழுத்து எதையும் விட்டுச்செல்லாத அம்மக்களின் தெரிவுகளை அவர்களைத் துரத்தியோரின் எழுத்திலிருந்தே அறியவேண்டியிருப்பது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனின் பழந்துணி உலகத்தை அறிவதற்கு ஹென்றி மேஹியூ 1851இல் நூலுருவாக்கிய 'இலண்டன் தொழிலாளரும் இலண்டன் ஏழைகளும்' என்ற ஆய்வைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. தெருத்தெருவாகப் பழைய உடுப்பு வாங்கிய யூத வணிகர்கள், அவர்களுடைய சரக்குகள் வந்து குவிந்த ஹவுண்ட்ஸ்டிச் சந்தை, அங்கிருந்து பொதிகள் அயர்லாந்துக்குச் சென்ற வழி ஆகிய அனைத்தையும் அவர் பதிந்துள்ளார். மேலும் கவனத்தைக் கவர்வன அவர் கூறும் தொழிற்பிரிவுகள். கிழிந்ததை ஒட்டுப்போடுவோர் ஒரு சாரார். மங்கிய கறுப்புத் துணிக்குச் சாயமேற்றி உயிர்கொடுப்போர் இன்னொரு சாரார். ஓர் உடையைப் பிரித்து வேறோர் உடையாகவோ, பழைய சப்பாத்தைப் புதியதாகவோ ஆக்குவோர் மூன்றாம் சாரார். இவர்களுக்கு வழங்கிய பெயர் 'மொழிபெயர்ப்பாளர்' என்பதாகும். நீண்ட அங்கியின் நைந்த பாகத்தை வெட்டியெறிந்து எஞ்சியதைச் சிறுவனின் சட்டையாக ஆக்கும் வேலைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. சாள்ஸ் டிக்கின்ஸ் 1836இல் மொன்மத் வீதியின் பழைய உடுப்புக் கடைகளைப் பற்றி எழுதிய சித்திரத்திலே, தொங்கும் உடைகளைக் கண்டு அவற்றை அணிந்தவரின் வாழ்க்கையைக் கற்பனை செய்கின்றார். அவரது கண் பழைய சொந்தக்காரர் மீதே இருந்தது. இனி அதனை வாங்கப்போகின்றவர் அதனை என்ன செய்வார் என்பது அச்சித்திரத்தில் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மேற்சட்டையைக் குறிப்பிடாமற் செல்லல் ஆகாது. 1852 பெப்ரவரியில் கார்ல் மார்க்ஸ், தம் மேற்சட்டைகள் அடைவுக் கடையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே செல்ல முடியவில்லை என்று எங்கெல்சுக்கு எழுதினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் அத்தியாயத்திலே, பண்டத்தின் பெறுமதியை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 20 யார் லினன் துணியும் ஒரு மேற்சட்டையும் ஆகும். அந்நூலின் மேற்சட்டை எவருடைய தோளிலும் இல்லாத, பரிமாற்றத்துக்கு மட்டுமே உரிய பண்டம். அடைவுக் கடையிலிருந்ததோ குளிருக்கும் மதிப்புக்கும் இன்றியமையாத ஒரு மனிதனின் உடை. பொருளியல் முதலாவதை மட்டும் கணக்கிடும். ஆடையின் வரலாறு இரண்டையும் கணக்கிடல் வேண்டும்.

கைத்தொழிற் புரட்சி நிலைமையை மாற்றிற்று. யோர்க்ஷயரைச் சேர்ந்த பற்லியில் 1813 அளவில் பெஞ்சமின் லோ என்பவர் கந்தைக் கம்பளியைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். தையல் இயந்திரம் பரவியபின் ஆயத்த ஆடைகள் மலிந்தன. புதியது எல்லோருக்கும் எட்டியதும் பழையது வெட்கத்துக்குரியதாயிற்று. சந்தையின் இடத்தை அறச்சாலைகள் எடுத்துக்கொண்டன. 1902இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எட்கார் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்த போதகர் தொடங்கிய பணி, பழைய பொருட்களைத் திருத்தி விற்கும் 'குட்வில்' நிறுவனமாக வளர்ந்தது. 1921இல் நியூயோர்க் மேடையில் பானி பிறைஸ் பாடிப் புகழ்பெற்ற நகைச்சுவைப் பாடலொன்று, தனக்கு வாய்த்த யாவும் பிறர் பாவித்தவையே எனப் புலம்பும் ஒரு கடைக்காரர் மகளைப் பற்றியது. அவ்வெட்கத்தைச் சிறிது காலம் தடுத்து நிறுத்தியது போர். பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீடு இருந்தபோது திரைச்சீலை பாவாடையாயிற்று. கணவனின் காற்சட்டை மனைவியின் உடையாயிற்று. அதனை அரசே துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஊக்கியது.

1960களில் வந்த மாற்றம் வேறு வகையானது. இலண்டன் போட்டபெல்லோ வீதியில் 'நான் கிச்சினர் பிரபுவின் பணியாளன்' என்னும் பொருள்படும் பெயரோடு திறக்கப்பட்ட கடை, பழைய இராணுவச் சீருடைகளை இளைஞர்களுக்கு விற்றது. ஜிமி ஹென்றிக்ஸ் அணிந்த பொற்சரிகை இராணுவச் சட்டை உலகெங்கும் படங்களிலே பரவியது. பேரரசின் வீரத்தைக் காட்டுவதற்கெனத் தைக்கப்பட்ட உடை, அப்பேரரசு கலைந்துகொண்டிருந்த வேளையில், ஆபிரிக்க அமெரிக்க இசைக் கலைஞர் ஒருவரின் தோளில் வேறொரு பொருளைப் பெற்றது. ஆயினும் இவ்விளைஞர் பலர் புதியதை வாங்க வல்லவர்களாயிருந்தும் பழையதைத் தெரிந்தெடுத்தனர் என்பதை மறத்தலாகாது. வேறுவழியின்றி உடுத்தவரின் ஆக்கத்திறனை எவரும் பாணி என்று அழைக்கவில்லை. வேறுவழி இருந்தவர் உடுத்தபோதே அது பாணி எனப் பெயர் பெற்றது. 1980களின் இறுதியில் அஞ்சலா மக்றொபி என்ற சமூகவியலாளர், இளைஞர் பண்பாட்டை ஆராய்ந்தோர் அவ்வுடைகள் வாங்கப்பட்ட கந்தைச் சந்தைகளையும், அவற்றைத் தேடித் துவைத்துத் திருத்தி விற்ற பெண்களையும் காணத் தவறினர் என்று சுட்டிக்காட்டினார். பொருத்தமான கண்டனம்.

இன்று அக்காணாமை கண்டங்களைத் தழுவியது. மேலைநாடுகளில் கழிக்கப்படும் உடைகள் பொதிகளாக ஆபிரிக்காவுக்குச் செல்கின்றன. கிழக்காபிரிக்காவில் அவை 'மித்தும்பா'. சாம்பியாவில் 'சலாவுலா', அதாவது குவியலைக் கிளறித் தெரிந்தெடுத்தல். அந்நாட்டிலே பல காலம் ஆராய்ந்து 2000இல் நூல் வெளியிட்ட கரன் டிரான்பேர்க் ஹான்சன் என்ற மானிடவியலாளர் தரும் ஒரு செய்தி சிந்தனைக்குரியது. பொதியிலிருந்து அப்போதே எடுத்த உடையின் மடிப்பும் கசங்கலும் சாம்பிய மக்களால் விரும்பப்படுகின்றன. துவைத்து அழுத்தியது இங்கு யாரோ உடுத்துக் கழித்ததாயிருக்கலாம் என்று அதனை ஒதுக்குவர். வாங்கியதைத் தையற்காரரிடம் கொடுத்துத் தம் அளவுக்கும் ஊர் ஒழுக்கத்துக்கும் ஏற்ப மாற்றுவர். கொங்கோவிலோ, குடியேற்ற ஆட்சிக்கால வீட்டுப் பணியாட்களுக்குக் கிடைத்த எசமானரின் கழித்த உடைகளோடு தொடர்புறும் 'சாப்' மரபு, 1970களில் மேலைநாட்டுக் கோட்டையும் கழுத்துப் பட்டியையும் மொபுட்டு தடைசெய்தபோது எதிர்ப்பின் சாயலையும் பெற்றது.

இவ்வணிகத்தின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். உள்ளூர் நெசவாலைகள் நலிந்தமைக்கு மலிந்த பொதிகளும் ஒரு காரணம் என்பது ஆபிரிக்க அரசுகள் பலவற்றின் வாதம். 2016இல் ருவண்டா இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 0.20 டொலரிலிருந்து 2.50 டொலராக உயர்த்தியது. 2018இல் அமெரிக்கா, ருவண்டா ஆடைகளுக்கு அளித்திருந்த தீர்வைச் சலுகையை இடைநிறுத்தியது. தான் கழித்ததை இன்னொரு நாடு வாங்க மறுத்தமைக்காக ஒரு வல்லரசு தண்டனை விதித்த இந்நிகழ்ச்சி, தென் கரோலினாச் சட்டத்தின் தலைகீழ் வடிவமாகத் தோன்றுகிறது. அன்று உடுக்காதே என்றனர். இன்று உடுத்தே ஆகவேண்டும் என்கின்றனர்.

கானா நாட்டில் இவ்வுடைகளுக்கு வழங்கும் பெயர் 'ஒப்ரோனி வாவு', இறந்த வெள்ளையரின் உடுப்பு என்பது அதன் பொருள். உயிரோடிருக்கும் எவரும் இவ்வளவு நல்ல உடையை எறியமாட்டார் என்ற எண்ணத்தில் எழுந்த பெயர் என்பர். பிளாற்றர் கண்ட நடிகர்களின் உடையும் இறந்த பிரபுக்களுடையதே. தலைநகர் அக்கிராவின் கன்ரமன்ரோ சந்தையில் வந்திறங்கும் பொதிகளுள் உடுக்கவே இயலாத கழிவும் கலந்து வருவதால் அந்நகரின் கடற்கரை துணிக் குப்பையால் நிறைகின்றது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதியைத் தீ அழித்தது. வணிகரும் தையற்காரரும் சில மாதங்களுக்குள் கடைகளை மீண்டும் எழுப்பி, பொதிகளைப் பிரித்து, அகன்ற சட்டைகளை ஒடுக்கி, நைந்த கழுத்துப் பட்டிகளைக் கழற்றிப் புரட்டித் தைக்கும் தம் வேலையைத் தொடர்ந்தனர்.