மேல் மிசிசிப்பியின் மட்டிப் படுகைகளும் நைட்ரஜன் நுண்ணுயிர்களும்

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இல்லினாய் மாநிலங்களை ஒட்டி ஓடும் மேல் மிசிசிப்பி ஆற்றில், நன்னீர் மட்டிகள் நெருக்கமாக வாழும் மணலும் சரளையும் வண்டலும் கலந்த இடங்கள் மட்டிப் படுகைகள் எனப்படுகின்றன. மட்டி தன் உடலின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, ஓட்டின் பின்முனையை மட்டும் மேலே நீட்டியிருக்கும். அதைச் சுற்றிய மண்ணில் நைட்ரஜன் சேர்மங்களை உருமாற்றும் பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் வாழ்கின்றன. மட்டியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அது நீரை வடிகட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் நலனுக்கு அதன் அடியில் நடக்கும் வேலையும் அதே அளவு முக்கியமானது.

அயோவா, இல்லினாய் பகுதிகளின் மக்காச்சோள, சோயா வயல்களுக்கு இடும் உரத்தில் ஒரு பங்கு, நிலத்தடி வடிகுழாய்கள் வழியே நைட்ரேட்டாக ஆற்றில் சேர்கிறது. அது மெக்சிகோ வளைகுடா வரை சென்று பாசியைப் பெருக்குகிறது. பாசி மடிந்து அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2017 கோடையில் இவ்வாறு ஆக்சிஜன் குன்றிய பரப்பு ஏறக்குறைய 22,700 சதுர கிலோமீட்டர். 1985 முதல் நடந்துவரும் அளவீடுகளில் இதுவே மிகப் பெரியது.

படிவில் நடக்கும் மாற்றங்கள்

ஆக்சிஜன் உள்ள மேல்மண்ணில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா இனங்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டு படிகளுக்கும் இருவேறு உயிர்கள் தேவை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செர்கேய் வினோகிராட்ஸ்கி காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருந்த அந்தக் கருத்தை, 2015இல் வியன்னாவையும் நெய்மேகனையும் சேர்ந்த இரு குழுக்கள் மாற்றின. இரு படிகளையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைராக்கள் இருப்பதை அவை கண்டறிந்தன.

ஆக்சிஜன் இல்லாத கீழடுக்கில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆற்றிலிருந்து வெளியேற்றுகின்றன. அங்கேயே இன்னொரு வழியும் உண்டு. அனமாக்ஸ் பாக்டீரியாக்கள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இணைத்து நேரே நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரக் கழிவுநீர் ஆய்வில் இச்செயல் முதலில் உறுதியானது. அனமாக்ஸுக்கு வேண்டிய நைட்ரைட் ஆக்சிஜன் உள்ள பக்கத்தில் உருவாகிறது. பாக்டீரியாவோ ஆக்சிஜன் இல்லாத பக்கத்தில்தான் இயங்கும். ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லைதான் இங்கே விளைச்சல் மிகுந்த இடம். நுண்வண்டலில் ஆக்சிஜன் இறங்குவது பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். மட்டி நகர்ந்து, புதைந்து, மண்ணைக் கிளறி அந்த எல்லையை அகலப்படுத்துகிறது. அதன் கழிவும், அது உண்ணாமல் சளியில் பொதிந்து வெளித்தள்ளும் துகள்களும் அம்மோனியாவுக்கு மூலமாகின்றன.

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆழவாரியாக அளந்தது. மட்டிகள் இருந்த மண்ணில், 3 செ.மீ. ஆழத்தில் அனமாக்ஸ் பாக்டீரியாக்கள் 2.2 மடங்கு கூடியிருந்தன. மேலடுக்கில் அனமாக்ஸ் இனமான பிரோக்கேடியாவும் நைட்ரோஸ்பைராவும் சேர்ந்தே பெருகின. ஆனால் எல்லா உயிர்களும் பெருகவில்லை. நுண்ணுயிர் வகைகளின் மொத்தப் பன்மை குறைந்தது, அதிலும் 5 செ.மீ. ஆழத்தில் கூடுதலாக. ஆக்சிஜனைத் தாங்காத மீத்தேன் உண்ணிகளும் சரிந்தன. மட்டி தனக்குக் கீழே ஒரு தனிச் சமூகத்தையே தேர்ந்தெடுத்து வளர்க்கிறது என்று இதைப் படிக்கலாம்.

அழிவும் அம்மோனியாவும்

ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் போப்பிள் 1891இல் அயோவாவின் மஸ்கட்டீனில் மட்டி ஓட்டிலிருந்து பொத்தான் செய்யத் தொடங்கினார். 1905இல் அவ்வூர் ஏறத்தாழ 150 கோடிப் பொத்தான்கள் தந்தது. படுகைகள் வாரி எடுக்கப்பட்டன. பின்னர் அணைகளும், 1991இல் மேலாற்றில் காணப்பட்ட அயல் வரிக்குதிரை மட்டிகளும் எஞ்சியவற்றை நெருக்கின.

இளம் மட்டிகள் அம்மோனியாவால் எளிதில் மடிவன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013இல் நன்னீர் அம்மோனியா வரம்பைக் கடுமையாக்கியதற்கு மட்டிகளின் இந்த நொய்மையே முக்கியக் காரணம். 20 டிகிரி செல்சியஸ், அமிலக்காரக் குறியீடு 7 என்ற நிலையில், நீண்டகால வரம்பு லிட்டருக்கு 1.9 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். அது ஆற்று நீருக்கு வகுத்த அளவு. மட்டிக் குஞ்சுகள் முதல் சில ஆண்டுகளை மண்ணுக்குள் கழிக்கின்றன. அங்கே துகள்களுக்கு இடையே தேங்கும் நீரில் அம்மோனியா எவ்வளவு மிஞ்சும் என்பது, நைட்ரோஸ்பைராவும் பிரோக்கேடியாவும் அவற்றின் கூட்டாளிகளும் எவ்வளவு வேகமாக அதை உண்டு தீர்க்கின்றன என்பதையும் பொறுத்தது.