பொனட்டுக்குள்ள இடமில்லை: சின்னக் காருக்குள் டர்போ வந்த கதை

டர்போ எண்டதும் எங்களில் பலருக்கு முதல்ல ஞாபகம் வாறது வேகம்தான். ரேஸ் கார், சத்தம், புகை. ஆனால் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வேற ஒரு கதை கிடக்கு. காருக்குள் டர்போவை ஒழுங்காகப் பொருத்திக் காட்டியவர்கள், பெரிய எஞ்சின் செய்ய வசதியோ அனுமதியோ இல்லாதவர்கள்.

டர்போ செய்யிற வேலை எளிமையானது. எஞ்சின் வெளியே தள்ளுகிற சூடான புகை ஒரு சில்லைச் சுழற்றும். அதே தண்டின் மறு அந்தத்தில் இருக்கிற இன்னொரு சில்லு, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், வலுவும் கூடும். பிரச்சினை அதை எங்கே வைக்கிறது எண்டதில்தான். புகை வர ஒரு குழாய், போக ஒரு குழாய். காற்றுக்கும் அப்படியே இரண்டு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலுற தண்டுக்கு ஒயில் வேணும். அந்த ஒயில் தானாகவே கீழே வடிந்து திரும்ப வேணும் எண்டபடியால், டர்போவை நினைச்ச பள்ளத்தில் வைக்கவும் முடியாது. கடைசியாகச் சூடு: புகையின் வெப்பம் 800, 900 பாகை செல்சியசைத் தொடும். பக்கத்தில் இருக்கிறதோ வயரும் றப்பர்க் குழாயும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃப்ரெட் பூக்கி இந்த யோசனைக்குக் காப்புரிமை எடுத்தது 1905இல். முதல்ல அது போய்ச் சேர்ந்தது கப்பல்களுக்கும் பெரிய டீசல் எஞ்சின்களுக்கும். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருந்தது, டர்போ விமானிக்குப் பின்னால் வாற்பக்கத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்கிற குழாய்கள் வயிற்றுப்பக்கமாக ஓடின. விமானத்தையே டர்போவுக்கு ஏற்றபடி கட்டினார்கள். கார்க்காரருக்கு அந்த வசதி இல்லை.

1962இல் ஜெனரல் மோட்டர்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு ஜெற்ஃபயர் எண்ட காரை இறக்கியது. 3.5 லீற்றர் எஞ்சினில் 215 குதிரைவலு. அமுக்கிய காற்று சூடாகும், சூடான கலவை நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினை உடைக்கும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்தார்கள். அந்தத் தாங்கியைச் சொந்தக்காரர்தான் பார்த்துப் பார்த்து நிரப்ப வேணும். பலர் நிரப்பவில்லை. தாங்கி வெறுமையானால் வலுவும் இறங்கும். இரண்டு வருடத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களோடு கதை முடிந்தது. பிறகு டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேற்றர் போட்டுத்தர நிறுவனமே முன்வந்தது.

1973இல் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ வந்தது. 2 லீற்றரில் 170 குதிரைவலு. ஆனால் மிதித்த உடனே ஒண்டும் நடக்காது, கொஞ்சம் பொறுத்து எல்லா வலுவும் ஒரேயடியாக வரும். அதே வருடம் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1,672 கார்களோடு நிறுத்தினார்கள்.

திருப்பம் சுவீடனில் நடந்தது. ஸாப் ஒரு சிறிய நிறுவனம். தங்கட 99 மொடலுக்குக் கூடுதல் வலு வேணும், ஆனால் புதுசாகப் பெரிய எஞ்சின் வடிவமைக்கக் காசில்லை. பிரித்தானிய ட்ரையம்ப்பின் வி8 எஞ்சினை வைத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். 99இன் பொனட்டுக்குள் ஏற்கெனவே நெருக்கடிதான். 45 பாகை சரிந்து கிடக்கிற எஞ்சின், அதுவும் கிளச் முன்பக்கம் பார்த்தபடி, அடியில் கியர்பெட்டி. பேர் கில்பிரான்ட் உள்ளிட்ட பொறியியலாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். உச்ச வேகத்தில் எவ்வளவு வலு வரும் எண்டு கேட்காமல், சாதாரணமாக ஓடுறபோது எவ்வளவு உதவும் எண்டு கேட்டார்கள். அதனால் சின்ன டர்போ ஒன்றைத் தெரிவு செய்தார்கள். சின்னச் சில்லு கெதியாகச் சுழலும், குறைந்த வேகத்திலேயே காற்றைத் தரும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் மிச்சப் புகை சில்லைத் தொடாமல் வேறு வழியால் வெளியேற ஒரு கதவு வைத்தார்கள். அதுதான் வேஸ்ட்கேற். 1977இல் காட்சிக்கு வந்த 99 டர்போவின் வலு 145 குதிரைவலுதான், பி.எம்.டபிள்யூவை விடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு நாளும் ஓட்டக்கூடிய காராக இருந்தது.

இதைவிட நெருக்கமான இடம் ஜப்பானில் இருந்தது. அங்கே கெய் எண்ட சின்னக் கார் வகைக்குச் சட்டமே எல்லை போட்டது. 1976 தொடக்கம் எஞ்சின் 550 சிசிக்கு மேல் போகக்கூடாது, நீளம் 3.2 மீற்றர், அகலம் 1.4 மீற்றர். ஆனால் சட்டம் அளந்தது சிசியை. அதற்குள் எவ்வளவு காற்றை அமுக்கலாம் எண்டு அது கேட்கவில்லை. 1983இல் மிட்சுபிஷி மினிகாவில் டர்போ ஏறியது. 1987இல் சுசுகி ஓல்ட்டோ வேர்க்ஸ் 64 குதிரைவலுவைத் தொட்டது. அதற்கு மேல் போவதில்லை எண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டன. 660 சிசி ஜிம்னியில் காற்றைக் குளிர்விக்கிற இன்ரகூலருக்கு முன்னால் இடம் கிடைக்கவில்லை. எஞ்சினுக்கு மேலேயே வைத்து, பொனட்டில் ஒரு துவாரம் போட்டார்கள். எவ்ரி வேனில் எஞ்சின் இருக்கிறது முன் சீற்றுக்குக் கீழே. டர்போவும் அங்கேதான்.

அந்த வாகனங்கள்தான் இப்ப எங்கட றோட்டிலும் ஓடுது. எங்கட நாட்டிலும் இறக்குமதி வரி சிசியைப் பார்க்கும் எண்டபடியால் சின்ன எஞ்சினுக்கு மவுசு கூடினது. 2020இல் இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் இருந்த வாகனங்களை இழுத்துப் பிடித்து ஓடினோம். டர்போக்களுக்கும் வயசு போனது. சாதாரண எஞ்சினுக்குச் செய்யிற மாதிரி ஒயில் மாற்றுறதைத் தள்ளிப் போட்டால் முதல்ல அடி வாங்குறது அந்தத் தண்டுதான். டர்போ உள்ள கெய் வாகனத்துக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாற்ற வேணும் எண்டு சொல்லுறது சும்மா இல்லை.

இன்னொரு பக்கம், ஹாஃப் கட்டில் வந்த டர்போவை வாங்கி, டர்போ இல்லாத காருக்குப் பூட்டுற ஆசையும் எங்கட பெடியளிட்டக் கிடக்கு. ஆசையில் பிழையில்லை. ஆனால் எவ்வளவு வலு வரும் எண்ட கேள்வி கடைசியாக வரட்டும். சூடு எங்கே போகும், ஒயில் எப்படித் திரும்பும், கூடின அழுத்தம் எந்த வழியால் வெளியேறும் எண்டு முதல்ல கேளுங்கோ. ஜெற்ஃபயரில் பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது, ஆனால் சூட்டைச் சமாளிக்கிற பொறுப்பு சொந்தக்காரரின் தலையில் விழுந்தது. ஸாப் அந்தப் பொறுப்பைக் காருக்குள்ளேயே வைத்தது. பூட்டுறதுக்கு முதல் நாங்கள் தீர்மானிக்க வேண்டியதும் அதைத்தான்.