பதிலி

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களுக்குத் தெரியும், 14 கிலோமீட்டர் நடைக்குள் முன்பின் அறியாதவரும் உறவாகிவிடுவார். யமலிங்கத்தருகே என்னோடு களைப்பாற உட்கார்ந்த பெரியவர், கோயமுத்தூர்ப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர். "ஆறு வருஷம் பதிலியா இருந்தேனுங்க" என்றார்.

பதிலி! வராத தொழிலாளிக்குப் பதிலாக, அந்த ஒரு நாள் மட்டும் இயந்திரத்தருகே நிற்பவன். பம்பாய் மில்களில் 'பத்லி' என்றார்கள். மாற்று என்று பொருள்படும் 'பதல்' என்ற அரபுச் சொல் உருது வழியாக இங்கே வந்தது. கேள்விக்கு நாம் சொல்லும் 'பதில்' கூட அதன் உடன்பிறப்புத்தான்.

சங்கு ஊதுமுன் மில் வாசலில் பதிலிகள் கூடுவார்கள். ஆள் குறைந்தால் வேலை; இல்லையேல் தூக்குச் சட்டியோடு வீடு திரும்ப வேண்டும். யாரை உள்ளே அழைப்பது என்பது பழைய நாளில் மேஸ்திரியின் இஷ்டம். அவர் கையில் ஏதாவது வைத்தால்தான் கதவு திறக்கும். 1931-ல் வெளியான விட்லி கமிஷன் அறிக்கை இந்த லஞ்சத்தைக் கண்டித்தது. 1935-ல் பம்பாய் மில் முதலாளிகள் பதிலிகளுக்கு அட்டை கொடுத்து, அட்டை உள்ளவனுக்கே முதலிடம் என்று விதி செய்தார்கள்.

1953-ல் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி, ஆலை வேலை தராத நாட்களுக்குத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் உண்டு என்றார்கள். பதிலிக்கு மட்டும் அது கிடையாது. தொடர்ந்து ஓராண்டுப் பணியை முடித்துவிட்டால், பிறகு அவனைப் பதிலியாகக் கருதக் கூடாது என்று ஒரு சலுகை வைத்தார்கள்.

சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. பெரியவர் மீதியைச் சொன்னார்.

"அடுத்தவன் சௌக்கியமா இருந்தா எங்க வீட்டுல உலை கொதிக்காதுங்க. யாருக்காச்சும் காய்ச்சல் வரணும்னு காலையில நினைச்சுக்கிட்டே சைக்கிளை மிதிப்பேன். எனக்குத் தொழில் கத்துக் கொடுத்த அண்ணன் ஒருத்தர் செத்துப் போனார். அவர் இடம்தான் எனக்கு நிரந்தரமாச்சு. அன்னிக்கு அழுதேனா, சந்தோஷப்பட்டேனான்னு இன்னிக்கும் தெரியலீங்க."

பெரியவர் எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவேன். ஒரு சுற்று எனக்கு. இது அவருக்குப் பதிலா."