ஆகாயத்துப் புறம்போக்கு

கம்பியில்லாத் தந்தி பிறந்தபோது அதற்கு வாத்தியார் என்று யாரும் இருக்கவில்லை. 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தது என்ற செய்தி பரவிய காலத்தில், அந்தச் சாஸ்திரத்தை முறையாகக் கற்பிக்கும் இடங்கள் அரிது. அதைத் தொழிலாகக் கொண்டவர்களோ வெகு சிலர். ஆகவே அனுபவம் என்ற பெயரால் மூத்தோர் உரிமை கொண்டாட அதில் ஏதுமில்லாமல் போயிற்று. மூத்தோரும் இளையோரும் ஒரே படியில் நின்ற அந்த அபூர்வமான சந்தர்ப்பத்தில், பொழுதும் துணிவும் மிகுதியாகப் படைத்த அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையன்கள் முந்திக்கொண்டார்கள்.

அவர்களுக்கு வழிதிறந்தது படிகம். சிலிக்கான் துண்டு ஒன்று வானொலி அலைகளை உணர வல்லது என்று கண்டு, 1906-ஆம் ஆண்டில் பிக்கார்டு என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். அதே சமயத்தில் நியூயார்க்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் பத்து டாலருக்கும் குறைந்த விலையில் முழுக் கருவியையே விற்கத் தொடங்கினார். அந்தக் காசும் இல்லாதவர்கள், ஓட்ஸ் வந்த உருண்டை அட்டைப்பெட்டியின்மேல் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தார்கள். கழித்துப்போட்ட போட்டோக் கண்ணாடிகளில் ஈயத்தாளை ஒட்டி மின்தேக்கி செய்தார்கள். காதில் வைக்கும் குழலை மட்டும் வீட்டில் செய்ய முடியாதாகையால், பொது டெலிபோன்களிலிருந்து குழல்கள் மாயமாய் மறைந்தன. கலீனா என்னும் ஈயத்தாதுத் துண்டின்மேல், பூனைமீசை என்று அவர்கள் அழைத்த மெல்லிய கம்பியின் நுனியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஓசை கேட்கும் ஒரு புள்ளியைத் தேட வேண்டும். மேஜை சற்று அதிர்ந்தாலும் புள்ளி தப்பிவிடும். மறுபடியும் தேட வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்கு இல்லாத பொறுமை இதற்கு வேண்டும்.

1909-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் இப்பையன்களில் சிலர் ஒரு சங்கமே ஸ்தாபித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களை ஒடுக்கும் மசோதா ஒன்று செனட் சபைக்கு வந்தபோது, சங்கத் தலைவனாகிய ஸ்டோக்ஸ் என்ற சிறுவன் வாஷிங்டனுக்கே சென்று, செனட் குழுவின்முன் அதை எதிர்த்து வாதாடினான். அமெரிக்கக் கடற்படை அவர்கள்மேல் கொண்ட மனஸ்தாபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை: அதன் தந்திகளுக்குக் குறுக்கே பையன்களின் அரட்டை புகுந்தது, சில குறும்பர்கள் தளபதிகளின் பெயரால் பொய்யுத்தரவுகளும் அனுப்பினார்கள். 1912-ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, பிரயாணிகள் யாவரும் க்ஷேமம் என்று பரவிய பொய்ச்செய்தியின் பழியும் அவர்கள் தலையில் விழுந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் சட்டம் வந்தது. லைசென்சு பெற வேண்டும். மின்சக்தி ஒரு கிலோவாட்டைத் தாண்டலாகாது. இருநூறு மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளில் மட்டுமே அனுப்பலாம். அலை நீளமாக இருந்தால்தான் தூரம் போகும் என்பது அக்காலத்து நிபுணர்களின் சித்தாந்தமாகையால், விளைச்சலற்ற ஆகாயத்துப் புறம்போக்கைப் பையன்களுக்கு ஒதுக்கிவிட்டோம், அங்கே அவர்களுடைய விளையாட்டு தானாகவே ஓய்ந்துவிடும் என்று பெரியவர்கள் நிம்மதியடைந்தார்கள். 1917-இல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியதும் அந்தச் சிறு நிலையங்களும் மூடப்பட்டன; ஆனால் தந்தியாளர் கிடைக்காமல் தவித்த அதே கடற்படை, அதே பையன்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டது.

யுத்தத்துக்குப் பிறகு, வாலிபர்களாகிவிட்ட அவர்களும் அவர்களையொத்த அமெச்சூர்களும் ஒதுக்கப்பட்ட இடத்தையே உழத் தொடங்கினார்கள். 1923 நவம்பரில் ஷ்னெல், ரைனார்ட்ஸ் என்ற இரு அமெரிக்க அமெச்சூர்கள், பிரான்சில் நீஸ் நகரத்து டெலாய் என்பவருடன் சுமார் 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இப்பாலுமாகச் சம்பாஷித்தார்கள். பிரம்மாண்டமான யந்திரங்களால் அரசாங்கங்கள் அரும்பாடுபட்டுச் சாதித்ததை, வீட்டறையில் வைத்த சிறு கருவி சாதித்துவிட்டது. சிற்றலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்லும் என்ற உண்மை உலகுக்கு மெல்ல விளங்கிற்று.

இதைக்கொண்டு சிறுவர்கள் பிறவியிலேயே யந்திர ஞானிகள் என்று முடிவுகட்டுவது பிசகு. ஓய்வும் தனியறையும் கைச்செலவுக்குக் காசும் வாய்த்த நகரத்துக் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளே இதில் பெரும்பாலோர். அவர்களுடைய சகோதரிகளை அந்த மேஜைக்கு யாரும் அழைக்கவில்லை. தோற்றால் பறிபோகும் பதவியோ முதலோ இல்லாமையே அவர்களுடைய பெரிய மூலதனம். நிபுணருக்குத் தம் சித்தாந்தத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பையனுக்கோ அந்த அலைகளைவிட்டால் வேறு கதியில்லை.

1927-ஆம் ஆண்டு வாஷிங்டனில் சர்வதேச மகாநாடு கூடியபோது, எதற்கும் உதவாது என்று முன்னர் கைகழுவப்பட்ட சிற்றலைகளுக்கு அரசாங்கங்களும் கம்பெனிகளும் போட்டியிட்டன. அமெச்சூர்களுக்குச் சில குறுகிய அலைவரிசைகள் மட்டும் மிஞ்சின. அவற்றையும் முழுதாகப் பறிக்க மகாநாட்டுக்கு மனம் வரவில்லை என்பது, பிள்ளைகளிடம் பட்ட கடனுக்குப் பெரியவர்கள் செலுத்திய வட்டி என்றே கொள்ளலாம்.