சித்திரக்கதையின் தொடக்கமும் ஒரு ஜெனீவா ஆசிரியரும்

சித்திரக்கதை என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் வருவது, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்த முத்து காமிக்ஸும் அதன் இரும்புக்கை மாயாவியும்தான். ஒருவர் கதை எழுத, இன்னொருவர் படம் வரைய, ஒரு நிறுவனம் அதை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் முறையில் வந்தவை அவை. எனவே சித்திரக்கதை என்பது பெரிய பதிப்பகங்களின் சரக்கு, தனியொருவரால் ஆகக்கூடியதல்ல என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் இவ்வடிவத்தின் வரலாற்றை அதன் தொடக்கத்தில் போய்ப் பார்த்தால் நாம் காண்பது ஒரு நிறுவனத்தை அல்ல. ஓவியராக முடியாமற்போன ஒரு பள்ளி ஆசிரியரையே அங்கு காண்கிறோம்.

ரொடோல்ஃப் தொப்ஃபெர் 1799 ஜனவரி 31ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை வூல்ஃப்காங் ஆடம் பேர்பெற்ற ஓவியர், கேலிச்சித்திரங்களும் வரைந்தவர். மகனும் தூரிகையையே தொழிலாகக் கொள்ள விரும்பினார். ஆனால் இளமையிலேயே கண்களில் நோய் கண்டது. நுணுக்கமான வண்ணவேலைக்கு அந்தக் கண்கள் இடங்கொடுக்கவில்லை. ஆசையைக் கைவிட்டு ஆசிரியரானார். பின்னர் சிறுவர்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையையும் நடத்தினார்.

ஓவியம் கைவிட்டாலும் கிறுக்கல் அவரைக் கைவிடவில்லை. 1827இல் ‘திரு. வியூபுவாவின் காதல்கள்’ என்ற கதையைத் தொடர்படங்களாக ஒரு கொப்பியில் வரைந்தார். பருத்த பெண்ணொருத்தியின் மீது மையல்கொண்ட முதிய பிரம்மச்சாரியின் கதை அது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோட்டுப்படம், அதன் கீழ் கையெழுத்தில் ஓரிரு வரிகள். இவற்றின் முதல் வாசகர்கள் அவருடைய மாணவர்களும் நண்பர்களுமே. அச்சிடும் எண்ணம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கொப்பிகள் கைமாறின, பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அவ்வாறு கைமாறிய கொப்பிகளில் சில வைமார் நகர்வரை சென்றன. அங்கு இளவரசரின் ஆசிரியராயிருந்த ஜெனீவாக்காரர் ஃபிரெடரிக் சொரே அவற்றைக் கவிஞர் கோதேயிடம் காட்டினார். 1831 ஜனவரியில் 81 வயதான கோதே அவற்றைப் புரட்டி மகிழ்ந்ததை எக்கர்மான் தம் உரையாடற் குறிப்புகளில் பதிந்துள்ளார். ஒரே மூச்சில் பார்த்தால் திகட்டிவிடும் என்று சில பக்கங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தி நிறுத்தியே கோதே இரசித்தாராம். இன்னும் கனதியான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தன்னைச் சற்றுக் கட்டுப்படுத்தினால் இவர் கற்பனைக்கெட்டாதவற்றைச் செய்வார் என்பது அவரது கணிப்பு. அதில் பாராட்டும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. வளரும் கலைஞன் ஒருவனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிது.

இந்த ஊக்கத்தின் பின்னர்தான் தொப்ஃபெர் வெளியீட்டில் இறங்கினார். 1833இல் ‘திரு. ஜபோவின் கதை’ அச்சாயிற்று. அதற்கு அவர் தெரிந்துகொண்ட முறை கவனத்துக்குரியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு அக்காலத்தில் பரவியிருந்தது. கல்லில் நேரடியாக வரைபவர் எழுத்துக்களைத் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக எழுதவேண்டும். தொப்ஃபெர் கையாண்டதோ தாளிலிருந்து கல்லுக்கு மாற்றும் முறை. பதப்படுத்திய தாளில் எண்ணெய்ப்பசையுள்ள மையினால் வழக்கம்போல் வரைந்து எழுத வேண்டியதுதான். அத்தாளைக் கல்லின் மீது வைத்து அழுத்தினால் மை கல்லில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். கல்லிலிருந்து மீண்டும் தாளுக்கு வரும்போது நேராகிவிடும். செதுக்குபவரோ எழுத்துக் கோப்பவரோ இடையில் வேண்டியதில்லை. படமும் எழுத்தும் ஒரே கையின் ஒரே பேனாவில் பிறந்தன. ஸ்டென்சில் தாளில் எழுதி ரோணியோவில் சுற்றிய சஞ்சிகைகளை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

இந்த முறைக்குக் குறையும் உண்டு. நுண்ணிய நிழல்கோடுகள் இதில் தெளிவாக விழா. ஆனால் அந்தக் குறை தொப்ஃபெரின் கண்களுக்கு இசைவாகவே அமைந்தது. நிழலையும் நுணுக்கத்தையும் விட்டு, ஓடும் கோட்டை மட்டும் நம்பினார். ஓவியனாக விடாத குறையே அவரது பாணியாயிற்று.

ஆயினும் அவர் அவசரப்படவில்லை. 1832இல் ஜெனீவா அக்கடமியில் இலக்கியப் பேராசிரியராகியிருந்தார். பேராசிரியர் ஒருவர் கோமாளிப்படம் வரைகிறார் என்ற பேச்சு அந்தக் கட்டுப்பாடான நகரில் இலேசானதல்ல. அச்சான ‘ஜபோ’வை முதலில் நண்பர்களுக்கே கொடுத்தார், 1835இலேயே அது விற்பனைக்கு வந்தது. 1827இல் வரைந்த ‘வியூபுவா’ மீண்டும் வரையப்பட்டு 1837இல்தான் வெளிவந்தது. இடையில் பத்தாண்டுகள். தன் படைப்பைத் தானே வெளியிடுவது பொறுமையற்றவர்களின் குறுக்குவழி என்று சொல்வோர் இந்தப் பத்தாண்டுகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

‘ஜபோ’வின் நாயகன் மேட்டுக்குடியினரிடையே இடம்பிடிக்கத் துடிக்கும் ஒருவன். ஒவ்வொரு முறையும் அவமானப்பட்டு விழுகிறான். எழுந்து மறுபடியும் தன் கம்பீர நிலையை எடுத்துக்கொள்கிறான். அதே வாசகம், அதே நிலை திரும்பத் திரும்ப வரும்போது சிரிப்பு வளர்கிறது. படமின்றி எழுத்துக்குப் பொருளில்லை, எழுத்தின்றிப் படம் தெளிவற்றது, இரண்டும் சேர்ந்தே ஒரு நாவல் போன்றதாகிறது என்று 1837இல் அவரே இந்நூலைப் பற்றி எழுதினார். சித்திரக்கதைக்கு இன்றும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் கூறுவது கடினம்.

வெற்றியின் பின்னால் திருட்டும் வந்தது. 1839இல் பரிஸின் ஓபேர் நிறுவனம் அவரது நூல்களை வேறொரு கையால் வரைவித்து அனுமதியின்றி வெளியிட்டது. அத்திருட்டுப் பதிப்பை ஒட்டி 1841இல் இலண்டனில் ‘வியூபுவா’வின் ஆங்கில வடிவம் வந்தது. 1842 செப்டெம்பரில் அது நியூயோர்க்கில் ஒரு பத்திரிகையின் இணைப்பாக வெளியாகி, அமெரிக்காவின் முதற் சித்திரக்கதை நூல் எனக் கருதப்படும் நிலையையும் பெற்றது. தேசங்கடந்த காப்புரிமை இல்லாத காலம். தொப்ஃபெர் செய்ததெல்லாம் 1839இலேயே ‘வியூபுவா’வைத் தம் கையால் மீண்டும் வரைந்து புதிய பதிப்பு வெளியிட்டதுதான்.

1845இல் முகபாவங்கள் பற்றி ஒரு சிறு நூலை எழுதி, அதனையும் இதே கல்லச்சு முறையில் வெளியிட்டார். எவ்வளவு குழந்தைத்தனமாக வரைந்தாலும் ஒரு முகத்துக்கு ஏதோ ஒரு பாவம் வந்தே தீரும் என்பது அதன் மையக் கருத்து. ஆகவே ஒரு முகத்தைக் கிறுக்குங்கள். புருவத்தை, உதட்டை ஒரு கோடளவு மாற்றிப் பாருங்கள். அது யாராகிறது என்று கவனியுங்கள் என்கிறார். நூறாண்டு கழித்து, 1960இல் வெளியான தம் நூலில் கலை வரலாற்றறிஞர் கொம்ப்ரிச் இதனைத் ‘தொப்ஃபெர் விதி’ என்றே பெயரிட்டார்.

அவரிடம் எல்லாமே கொள்ளத்தக்கதென்று கூறமுடியாது. 1845இல் பரிஸ் வாரப் பத்திரிகையொன்றில் தொடராக வந்த ‘திரு. கிரிப்தோகாம்’ கதையில், நாயகன் அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் சிக்குகிறான். அங்கு வரும் முஸ்லிம்கள் மனிதர்களாக அன்றி வேடிக்கைப் பொம்மைகளாகவே வருகின்றனர். 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றி, அம்மண்ணில் போர் ஓயாதிருந்த காலம் அது. முகத்தின் ஒவ்வொரு கோட்டையும் படித்தவருக்கு அம்முகங்களைப் படிக்கத் தோன்றவில்லை. நம்மைப் பிறர் வரைந்த படங்கள் ஏராளம். நாம் நம்மை வரைந்தவை எத்தனை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

தொப்ஃபெர் 1846 ஜூன் 8ஆம் திகதி 47ஆவது வயதில் காலமானார். அவர் தொடக்கிய வழி அற்றுப்போகவில்லை. நியூயோர்க்கில் ஃபிரான்சுவாஸ் மூலி தம் வீட்டு மாடியிலேயே ஓர் அச்சியந்திரத்தை நிறுவிச் சிறு வெளியீடுகளை அச்சிட்டுப் பழகினார். பின் கணவர் ஆர்ட் ஸ்பீகல்மனுடன் 1980இல் ‘ரோ’ சஞ்சிகையைத் தொடக்கினார். நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய தந்தையின் வரலாற்றை ஸ்பீகல்மன் ‘மவுஸ்’ என அதில் தொடராக வரைந்தார். 1992இல் அது புலிட்சர் சிறப்புப் பரிசைப் பெற்றது. தோக்கியோவில் 1975 டிசம்பர் 21ஆம் திகதி 32 குழுக்கள் தாம் வரைந்து அச்சிட்ட இதழ்களை மேசைகளில் பரப்பின. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அந்தக் கொமிக் மார்க்கெட் பின்னர் இலட்சக்கணக்கானோர் கூடும் சந்தையாக வளர்ந்தது.

நமது பாடசாலைகளில் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களானதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அதே சஞ்சிகைகளின் ஓரத்தில் படம் வரைந்த பிள்ளைகள் என்னவானார்கள் என்று கேட்பதில்லை. ‘கை இன்னும் திருந்தவில்லை’ என்று அவர்களில் பலர் பேனாவை மூடிவைத்திருப்பர். திருந்தாத கையோடும் மங்கிய கண்ணோடும் ஒருவர் தொடங்கி வைத்த கலை இது. எட்டுப் பக்கம் வரைந்து, போட்டோப்பிரதி எடுத்து, நடுவே தைத்து, பத்துப் பேரிடம் கொடுத்தால் போதும். எது புரிந்தது, எது புரியவில்லை என்பதை அந்தப் பத்துப் பேரே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு மறுபடி வரையும் பொறுமைதான் இதில் கடினமான பகுதி.